பெரியத்தையின் பனிக்காலப் பக்கம்

பேக்கரியில் பதினொரு வருடம் கேக்குக்கு மேல் பூ வைத்தவள் அவள். காதோரம் எப்போதும் ஒரு மெல்லிய பிரஷ் செருகியிருக்கும். அதனால் கடைக்கு வருகிறவர்கள், பக்கத்துக் கடைக்காரர்கள், கடைசியில் சொந்தப் புருஷன்கூட அவளை 'பிரஷ் அக்கா' என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். பேக்கரி முதலாளி கடையை மூடிவிட்டு மகன் இருக்கும் ஊருக்குப் போனபோது, யாரோ சொல்லி, ஒரு இணையதளக் கம்பெனியில் வேலைக்குப் போனாள். சமையல் குறிப்பு, பண்டிகை விளையாட்டு, வீட்டு அலங்காரம் எல்லாம் போடுகிற தளம் அது.

"டேஸ்ட் பத்தியெல்லாம் கவலையே படாதீங்கம்மா. போனை யாரும் நக்கிப் பார்க்கப் போறதில்ல" என்றார் மேலாளர், முதல் நாளே. சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார். அவளும் மரியாதைக்குச் சிரித்து வைத்தாள்.

மூன்றாவது மாடியில் ஒரு அறை. ஒரு பக்கம் அடுப்பு, ஓவன், சிங்க். மறுபக்கம் கேமராவும் நான்கு பெரிய விளக்குகளும். அவளுடைய வேலை, படம் எடுக்க உணவைத் தயார் செய்வது. ஆனால் உணவு என்று சொல்ல அங்கே ஒன்றுமே இல்லை என்பது இரண்டே நாளில் தெரிந்துபோயிற்று. கேக்கின் மேல் வெள்ளையாக நுரைத்து நிற்பது சவரம் செய்யும் நுரை, ஏனென்றால் நிஜக் கிரீம் விளக்குச் சூட்டில் வழிந்துவிடும். அப்பத்தின் மேல் தேன் மாதிரி பளபளத்து இறங்குவது வண்டிக்கு ஊற்றுகிற ஆயில். கிண்ணத்தில் பாலாகத் தெரிவது பசை. பொன்னிறமாக வறுபட்ட கோழி உள்ளே பச்சை. தோலில் மட்டும் பாத்திரம் கழுவும் சோப்பையும் பழுப்புச் சாயத்தையும் கலந்து அவள் பிரஷ்ஷால் தடவியிருப்பாள். சூப்பிலிருந்து எழும் ஆவிக்கு, கொதிநீரில் நனைத்த பஞ்சைக் கிண்ணத்துக்குப் பின்னால் ஒளித்து வைக்க வேண்டும்.

படம் எடுத்து முடிந்ததும் எல்லாம் கறுப்புப் பைக்குள் போகும். முதல் வாரம் அந்தப் பையைக் கட்டும்போது அவளுக்குக் குமட்டியது. சோப்பும் ஆயிலும் பச்சைக் கோழியும் கலந்த நாற்றம் வீட்டுக்குப் போன பிறகும் மூக்கைவிட்டுப் போகவில்லை. சாப்பாட்டுத் தட்டில் கை வைக்க முடியவில்லை. இரண்டு மாதத்தில் பழகிவிட்டது. பின்னாளில் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது அதற்காகத்தான்: குமட்டல் நின்றுபோனதற்காக.

குளிர்காலத்தை அவர்கள் உச்சி வெயிலில் தயாரித்தார்கள். விடுமுறைக்கு ஐந்து மாதம் முன்னாலேயே படமெல்லாம் முடிந்தாக வேண்டும். பனிக்குப் பதில் உப்பைக் கொட்டினார்கள். உப்பும் பஞ்சும் பறக்கும் என்று மின்விசிறியைப் போட விடமாட்டார் கேமராக்காரர். கம்பளி விரிப்பின் மேல் கேக்கை வைத்துவிட்டு வியர்வை சொட்டச் சொட்ட நிற்பாள்.

அப்படி ஒரு நாள்தான் அந்தக் கேக் வந்தது. நுரை பூசி, தலைக்கு அடிக்கும் ஸ்பிரேயை அடித்து, மேலே சிவப்பாக ஏதாவது வேண்டும் என்றார் கேமராக்காரர். நிஜப் பழங்கள் விளக்கொளியில் கறுத்துத் தெரிந்தன. அவள் கீழே பூக்கடைக்குப் போய், தொட்டியில் வளர்க்கிற ஒரு அலங்காரச் செடியை வாங்கி வந்தாள். மணி மணியாகச் சிவந்த பழங்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின.

"பார்க்கத்தான் அழகு. வாயில வெச்சிடாதீங்க, வயித்தைக் கலக்கிடும்" என்று பூக்கடைக்காரர் சொல்லித்தான் கொடுத்தார்.

ஒன்பது பழங்களை எண்ணிப் பிரஷ்ஷால் துடைத்து வைத்தாள். படம் அபாரமாக வந்தது. "குறிப்புல வேற ஏதாவது பழத்தைப் போடச் சொல்லிடுங்க" என்று கேமராக்காரரிடம் சொன்னாள். அவர் தலையாட்டினார். யாரிடமும் சொல்லவில்லை. அவளும் அப்புறம் கேட்கவில்லை.

படங்களுக்கு எழுத்து சேர்ப்பவள் பக்கத்து அறையில் இருந்தாள். முப்பதைத் தொடாத பெண், எல்லாருக்கும் 'எழுத்துக்காரி'. ஹாஸ்டலில் தங்கியிருந்தாள், வெந்நீர் வைக்கக்கூட அடுப்பு கிடையாது. ஒரு நாளைக்கு ஆறு பக்கம் எழுத வேண்டும். மற்றத் தளங்களில் வந்த குறிப்புகளைப் பார்த்து, வார்த்தைகளை முன்பின்னாக மாற்றி, முன்னால் ஒரு குடும்பக் கதையை ஒட்டவைப்பாள்.

பெரியத்தையைக் கண்டுபிடித்தது மேலாளர். "சும்மா குறிப்பு போட்டா யார் படிப்பாங்க? ஒரு பெரிய மனுஷி சொல்ற மாதிரி இருக்கணும். ஒரு பாசம் வேணும்." விலைக்கு வாங்கிய ஒரு படத்தில், வெள்ளை முடியும் மூக்குக்கண்ணாடியுமாக ஒரு அம்மாள் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள்தான் பெரியத்தை. 'பெரியத்தையின் பனிக்காலப் பக்கம்' என்று பெயர். "கண்ணுங்களா, குளிர் வந்தாச்சு, அடுப்பைப் பத்த வைங்க" என்று தொடங்கும். இன்ன நாளில் பிள்ளைகளோடு என்ன விளையாடுவது, எந்த மாலை எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து கதை சொல்வது, எதைச் சுட்டு யாருக்குக் கொடுப்பது என்று வரிசையாக இருக்கும். தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கங்கள் என்று போட்டிருக்கும். பெரும்பாலானவை போன செவ்வாய்க்கிழமை டீ இடைவேளைக்கு முன் பிறந்தவை.

வாசகர்கள் கீழே எழுதுவார்கள், சிலர் தனியாகக் கடிதமும் அனுப்புவார்கள். பெரியத்தை பதில் சொல்வாள். அதற்குப் பன்னிரண்டு பதில்களை மேலாளர் தயாராக எழுதி வைத்திருந்தார். எழுத்துக்காரி மாற்றி மாற்றிப் போடுவாள்.

பிரஷ் அக்கா இதையெல்லாம் வேலை என்று நினைத்துத் தள்ளிப்போயிருப்பாள். நாத்தனார் வந்து மாட்டாமல் இருந்திருந்தால்.

நாத்தனார் என்றால் புருஷனின் அக்கா. தபால் நிலையத்தில் வேலை. பிள்ளைகள் இல்லை, கணவர் இறந்து மூன்று வருடம் ஆகிறது. பேச்சில் கறார், யார் சமைத்தாலும் ஒரு குற்றம் கண்டுபிடிக்காமல் எழுந்திருக்க மாட்டாள். ஆனால் பிரஷ் அக்காவின் ஆறு வயது மகளை, வீட்டில் 'வாண்டு' என்று கூப்பிடும் அந்தச் சின்னதை, உயிராக வைத்திருந்தாள். குளிர்கால விடுமுறை விட்டால் வாண்டு அத்தை வீட்டில்தான். பத்து நாள் பிள்ளையை எப்படிக் கட்டி மேய்ப்பது என்று தேடப்போய்த்தான் நாத்தனார் அந்தப் பக்கத்தில் விழுந்தாள்.

"உங்க கம்பெனியில இதெல்லாம் யாரோ படம் எடுக்கறாங்கன்னு தெரியும். ஆனா இந்தப் பெரியத்தையை நீ நேர்ல பார்த்திருக்கியா?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"இல்ல அண்ணி. அவங்க வேற இடம்."

வாயில் வந்தது அதுதான். சொன்ன மறு விநாடியே நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் நாத்தனார் அதற்குள் போனை நீட்டிவிட்டாள். தான் பெரியத்தைக்குத் தனியாக எழுதிய நீண்ட கடிதத்தின் கடைசி வரிகளையும் அதற்கு வந்த பதிலையும் படம் பிடித்து வைத்திருந்தாள். 'அவர் போனப்புறம் எனக்கு மட்டும்னு எதுவும் சுட மனசு வரல. உங்களைப் படிச்சுத்தான் ஓவனைத் துடைச்சேன். ஒரு துண்டு சாப்பிட்டேன், அழுகை வந்துடுச்சு' என்று எழுதியிருந்தாள். இந்த மனுஷி அழுது பிரஷ் அக்கா பார்த்ததே இல்லை, சாவு வீட்டில்கூட. கீழே பெரியத்தையின் பதில்: 'உன் அன்புக்கு நன்றி கண்ணு! நம் அடுத்த குறிப்பையும் தவறாமல் பார்.'

பன்னிரண்டில் நான்காவது பதில் அது.

பிரஷ் அக்கா அதை இரண்டு தடவை படித்தாள். அப்போதே சொல்லியிருக்கலாம். "நல்லாருக்கு அண்ணி" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து போனாள்.

விடுமுறையின் மூன்றாம் நாள் அவளுக்கு அரை நாள்தான் வேலை. மதியம் மகளைப் பார்க்க நாத்தனார் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்ததும் வெண்ணெய் வாசனை. கூடத்து மேசையில் கேக். வெள்ளைக் கிரீம், அதன் மேல் மணி மணியாகச் சிவப்பு. தன் கையால் செய்த கேக்கே நடந்து வந்து அங்கே உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஜன்னலோரம் பூக்கடைத் தொட்டி. நாத்தனார் முகம் பெருமையில் மலர்ந்திருந்தது.

"பார்த்தியா, படத்துல இருக்கற மாதிரியே வந்துடுச்சு. அந்தப் பழச் செடிக்காக மூணு கடை ஏறி இறங்கினேன்."

"அண்ணி, இதை யாராவது தின்னாங்களா?"

"கேக்கை இன்னும் வெட்டவே இல்லையே. வாண்டுதான் நான் அந்தப் பக்கம் போறப்பெல்லாம் ஒரு பழத்தை எடுத்து வாயில போட்டுக்குது. திருட்டுக் கழுதை."

வாண்டு சோபாவில் சுருண்டு படுத்திருந்தாள். "அம்மா, வாயெல்லாம் கசக்குது" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் மடியெல்லாம் வாந்தி எடுத்தாள். வெள்ளைக்கு நடுவே சிவப்புத் தோல்கள்.

செடியிலிருந்து ஒரு கொத்தைப் பிடுங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஆட்டோவில் வாண்டு மறுபடியும் வாந்தி எடுத்தாள், அம்மாவின் தோள் மேலேயே.

மருத்துவமனையில் டாக்டரம்மா கொத்தை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எத்தனை பழம் சாப்பிட்டா?"

"மேல இருந்த குழியைப் பார்த்தா நாலு இருக்கும்" என்றாள் பிரஷ் அக்கா. ஒன்பதில் ஐந்துதான் மிச்சம் இருந்தது. அந்தப் படத்தில் எத்தனை என்று அவளைவிட யாருக்குத் தெரியும்.

"இதை யாராவது கேக்குல வைப்பாங்களா?"

நாத்தனார் போனை நீட்டினாள். "இதோ பாருங்க டாக்டர், நானா செய்யல. இதுல போட்டிருக்கு. அவங்க வீட்டுல நாலு தலைமுறையா செய்யறாங்களாம். கொல்லையில காய்க்கிற சிவப்புப் பழத்தைப் பறிச்சு வெக்கணும்னு எழுதியிருக்கு. தினமும் பேசறவங்க டாக்டர், தப்பா சொல்ல மாட்டாங்க."

டாக்டரம்மா படித்தார். போனைத் திருப்பிக் கொடுத்தார். குழந்தைக்குச் சலைன் ஏற்றினார்கள். காலைவரை வைத்துப் பார்க்க வேண்டும், பெரிய ஆபத்து இருக்காது, ஆனால் இன்னும் கொஞ்சம் தின்றிருந்தால் கதை வேறு என்றார்.

கட்டில் பக்கத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நாத்தனார் திரும்பத் திரும்ப, "நான்தான் கொன்னிருப்பேன், நான்தான்" என்று முனகிக்கொண்டிருந்தாள்.

"நீங்க இல்ல அண்ணி. அந்தப் பழத்தை அதுல வெச்சது நான்."

நாத்தனாருக்குப் புரியவில்லை. பிரஷ் அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். நுரை, ஆயில், ஸ்பிரே, பூக்கடைக்காரர் சொன்ன எச்சரிக்கை. பெரியத்தையைப் பற்றி மட்டும் சொல்ல வாய் வரவில்லை. நாத்தனார் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். தெருவில் எதையோ மிதித்துவிட்ட காலைப் பார்க்கிற பார்வை அது.

மறுநாள் காலை பிள்ளை தேறி வீட்டுக்கு வந்ததும் அவள் நேராக மேலாளர் அறைக்குப் போனாள். எழுத்துக்காரி அங்கேதான் ஏதோ திருத்தம் வாங்கிக்கொண்டு நின்றிருந்தாள்.

"அய்யய்யோ! பாப்பா இப்ப எப்படி இருக்கு?" என்றார் மேலாளர். உண்மையான பதற்றம்தான். "நல்லவேளை. சரி, ஒரு வரி சேர்த்துடலாம், பழம் அலங்காரத்துக்கு மட்டும்னு. விடுமுறை முடிஞ்சதும் செஞ்சிடறேன்."

"இப்பவே ஏன் முடியாது சார்?"

"இப்ப அதுல கை வெச்சா பக்கம் கீழ போயிடும்மா. குளிர்கால கேக்குன்னு தேடினா முதல்ல வர்றது நம்மதுதான். இந்த நாலு நாள்தானே சீசன்."

"நாலு நாள்ல எத்தனை பிள்ளைங்க திங்கும்?"

"பெரிசு பண்ணாதீங்க. கேக் செஞ்சு பார்க்கறவன் எவன்? எல்லாரும் பார்த்துட்டுப் போறவங்கதான்."

எழுத்துக்காரி தரையைப் பார்த்தபடி, "ஏற்கனவே மூணு பேர் எழுதியிருந்தாங்க அக்கா. பிள்ளைக்கு வாந்தின்னு. அவங்க எழுதினதைச் சார் அழிச்சிடச் சொன்னாரு" என்றாள்.

மேலாளர் முகம் கொஞ்சம்கூட மாறவில்லை. "அதெல்லாம் உறுதியாகாத விஷயம்" என்றார். பிறகு மேசையில் இருந்த பிஸ்கட் தட்டை பிரஷ் அக்கா பக்கம் தள்ளினார். "எடுத்துக்கங்க, டென்ஷன் ஆகாதீங்க."

அவர் விரல் நுனியில் பிஸ்கட் தூள் ஒட்டியிருந்தது. அதை நாக்கால் தொட்டு எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான். அதற்கு மேல் அவளால் அங்கே நிற்க முடியவில்லை. சிங்க் வரை ஓடினாள். ஒன்றரை வருடமாக அடங்கிக் கிடந்த குமட்டல் எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வந்தது. எழுத்துக்காரி பின்னால் வந்து முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"நான் படத்தைப் பார்த்துத்தான் எழுதினேன் அக்கா. சிவப்பா இருந்துச்சு, பழம்னு நினைச்சேன். எனக்கு ஒரு செடி பேரும் தெரியாது" என்றாள். அழவில்லை, வாய் மட்டும் கோணியது.

"நாளைக்கு டூட்டி யாருக்கு?"

"நமக்கு ரெண்டு பேருக்கும்தான். சார் மச்சான் வீட்டுக்குப் போறாரு."

மறுநாள் பெரிய விடுமுறை நாள். கட்டடமே வெறிச்சோடிக் கிடந்தது. பிரஷ் அக்கா நான்கு விளக்குகளையும் போட்டாள். அதே கம்பளி விரிப்பு, அதே தட்டு. கேக்குக்கு அட்டைப் பெட்டி. நுரை டப்பாவைக் கையில் பிடித்தபடி ஒரு படம். ஸ்பிரே அடிக்கும்போது ஒன்று. ஆயில் கேன், பசை, சோப்புக் கோழி. கடைசியில் செடித் தொட்டியும், கூட அழைத்து வந்திருந்த வாண்டுவின் கையில் ஊசி குத்திய இடத்தில் இன்னும் ஒட்டியிருந்த பிளாஸ்திரியும். பதினொரு படங்கள். எழுத்துக்காரி அவற்றுக்குக் கீழே எழுதினாள். அவள் அந்தக் கம்பெனியில் எழுதியதிலேயே எதையும் பார்த்துக் காப்பியடிக்காதது அது ஒன்றுதான்.

'பெரியத்தை என்று யாரும் இல்லை. எனக்கு இருபத்தெட்டு வயது. நான் இதுவரை ஒரு கேக்கும் சுட்டதில்லை. இந்தச் சிவப்புப் பழத்தைத் தின்னாதீர்கள், தின்ற பிள்ளையை உடனே டாக்டரிடம் கொண்டு போங்கள். உங்கள் கடிதங்களுக்குப் பதில் எழுதியது நான். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கக்கூட எனக்கு வெட்கமாக இருக்கிறது.'

காலை பத்து மணிக்கு, பழைய கேக் இருந்த அதே பக்கத்தில் இதைப் போட்டார்கள். மதியம் இரண்டரைக்கு மேலாளர் பார்த்துவிட்டார். போனில் கத்திய கத்தலில் எழுத்துக்காரி போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்திருந்தாள். பக்கம் பிடுங்கப்பட்டது. இரண்டு பேரின் வேலையும் அப்போதே போயிற்று.

அந்த நாலரை மணி நேரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் படித்தார்கள். சிலர் நன்றி சொன்னார்கள். ஒரு அப்பா, 'கேக்கைக் குப்பையில் போட்டுவிட்டேன், பிள்ளை நலம்' என்று எழுதியிருந்தார். பலர் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள், திட்டு வாங்க வேண்டியதுதான். ஒரு பெண் மட்டும், 'அது இருக்கட்டும், அந்தக் கண்ணாடித் தட்டு எங்கே கிடைக்கும்?' என்று கேட்டிருந்தாள். பிரஷ் அக்கா அதைப் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

பழைய கேக் மேலாளரின் பக்கத்துக்குத் திரும்பி வரவில்லை, பயந்துவிட்டார். ஆனால் அது வேறு தளங்களுக்கு எப்போதோ போய்ச் சேர்ந்திருந்தது. ஒன்றில் அது ஒரு பெரியம்மாவின் கேக். இன்னொன்றில் ஏதோ தாத்தாவின் கேக். ஒன்பது பழம் மட்டும் எல்லாவற்றிலும் அப்படியே. ஒவ்வொன்றாகத் தேடி, 'இது விஷம், எடுத்துவிடுங்கள்' என்று கீழே எழுதினாள். பல இடத்திலிருந்து உடனே பதில் வந்தது: 'உங்கள் அன்புக்கு நன்றி!' இரண்டு தளங்கள்தான் எடுத்தன. ஆரம்பத்தில் எண்ணிக்கொண்டு வந்தாள், அறுபதைத் தாண்டியதும் விட்டுவிட்டாள்.

அன்று போட்டதை நாத்தனாரும் படித்திருந்தாள், மூன்று வாரம் பேசவில்லை. தம்பி போய்ச் சமாதானம் சொல்லிப் பார்த்தும் கதவு பாதிதான் திறந்தது. நான்காவது வாரம் எழுத்துக்காரி, "அந்தத் தபால் நிலைய அம்மாவை நான் ஒரு தடவை பார்க்கணும் அக்கா" என்று பிடிவாதம் பிடித்தாள். இரண்டு பேரும் போனார்கள்.

நாத்தனார் எழுத்துக்காரியை மேலும் கீழும் பார்த்தாள். "இந்தக் குச்சி உடம்புதான் பெரியத்தையா?"

"மன்னிச்சுடுங்கம்மா."

"பழத்துக்கு நான் உன்னைக் கேக்கல. அதுக்கு இவளைக் கேட்டுக்கறேன், வாழ்நாள் பூரா கேப்பேன்." நாத்தனார் ஒரு அடி முன்னால் வந்தாள். "என் வீட்டுக்காரர் சாகறப்போ என்ன சொன்னாருன்னு என் தம்பிக்குக்கூடச் சொன்னதில்ல. உனக்கு எழுதினேன். அதுக்கு நீ என்ன போட்டே தெரியுமா? அடுத்த குறிப்பைத் தவறாம பாருன்னு போட்டே. அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். சே! எனக்கு என்னை நினைச்சாலே அருவருப்பா இருக்கு."

உள்ளறையில் வாண்டு பொம்மையை அதட்டிக்கொண்டிருந்தாள்.

"அதை யார் யார் படிச்சாங்க?" என்று கேட்டாள் நாத்தனார்.

"நான் மட்டும்தாம்மா. சார் எதையும் படிக்க மாட்டாரு."

"நீயாவது முழுசாப் படிச்சியா?"

எழுத்துக்காரி பொய் சொல்லியிருக்கலாம், அதுதானே அவள் செய்து வந்த வேலை. "பாதிதான்" என்றாள். "அன்னிக்கு இன்னும் நாப்பது கடிதம் பாக்கி இருந்துச்சு."

நாத்தனார் எழுந்து போய் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர்களை உட்காரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, திரும்பாமலேயே, "அந்த மனுஷன் கடைசியா தண்ணி கேட்டாரு. நான் எடுத்துட்டு வர்றதுக்குள்ள..." என்று ஆரம்பித்தாள். எழுத்துக்காரி இரண்டடி முன்னால் போய் நின்று கேட்டாள். பிரஷ் அக்கா உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அது அவள் கேட்க வேண்டிய பேச்சு இல்லை.